தரையிலிருந்து இரண்டு அங்குலக் காற்று

செங்கால் ஆமை தென் அமெரிக்கப் பிராணி. பனாமாவில் தொடங்கி கொலம்பியா, வெனிசுவேலா, கயானா, பிரேசில் என்று பராகுவே வரைக்கும் காடும் புல்வெளியும் சேரும் ஓரங்களில் வாழ்கிறது. கறுத்த கால்களில் சிவப்பும் ஆரஞ்சுமாகச் செதில்கள் இருக்கும். வளர்ந்த ஆமையின் ஓடு ஓரடி நீளம். சிலது அதற்கும் மேல். ஆனால் முட்டையை உடைத்துக்கொண்டு வருகிற குஞ்சு வெறும் 4, 5 சென்டிமீட்டர்தான். பெரிய ஆமையை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அது சமாளித்துக்கொள்ளும். குஞ்சை முதல் ஓராண்டு தாண்ட வைப்பதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தை நான் கற்றது அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில், எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஒரு பெரியவரிடம்.

கயானாவின் பெர்பீஸ் கரையில் பிறந்தவர் அவர். 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து போனவர்கள். ஒரு பகுதியினர் மதராஸ் துறைமுகத்திலிருந்து போனார்கள். இவருடைய முன்னோர் மதராஸ் கப்பலில் போனவர்கள். தமிழ் இவர் தலைமுறை வரைக்கும் வந்து சேரவில்லை. மாரியம்மா வந்து சேர்ந்திருக்கிறாள். வரவேற்பறையில் அவள் படம், பின்கட்டில் ஆமைகள். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னை பேட்டா என்பார். பேச்செல்லாம் ஆங்கிலம், அவர் ஆங்கிலத்தில் கயானா வாடை தூக்கலாக இருக்கும்.

அவர் பொழுதுபோக்காக ஆரம்பித்து, பிறகு மாநில உரிமம் வாங்கி முறையாகச் செய்கிறவர். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது என்று 1975-லிருந்து மத்திய அரசின் தடை இருக்கிறது. குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து சால்மோனெல்லா கிருமியை வரவழைத்துக்கொண்டதால் வந்த விதி. பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. அங்கிள் இந்த விஷயத்தில் கறார். அதனால் தன் வீட்டில் பொரியும் ஒவ்வொரு குஞ்சையும் 4 அங்குலம் தாண்டும்வரை அவரே வளர்க்க வேண்டும். ஓராண்டும் ஆகும், இரண்டாண்டும் ஆகும். எழுபதைத் தாண்டியவருக்கு அத்தனை பெட்டிகளுக்கும் குனிந்து நிமிர முடியவில்லை. என் மகளுக்கு ஆமை மேல் ஆசை, எனக்கு மாலையில் நேரம் இருந்தது. அவருக்குக் கையாள் தேவைப்பட்டது. இப்படித்தான் சேர்ந்தேன்.

ஊரில் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. உனக்கு வேற எதுவும் கெடைக்கலையாப்பா?” என்றாள். “நம்ம வீட்டுக்கு வரலம்மா, நான்தான் அவங்க வீட்டுக்குப் போறேன்” என்று சமாளித்தேன்.

முதல் பாடத்தில் ஆமையே கிடையாது. நாலடி நீளம், இரண்டடி அகலத்தில், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மூடிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் வை என்றார். உள்ளே மண்ணும் விளக்கும் சூடேற்றியும் உண்டு, குஞ்சு மட்டும் இல்லை. வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று காலை, மதியம், இரவு ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். சில வாரங்கள் இதுதான் வேலை. காலிப் பெட்டிக்குப் பணிவிடை செய்வதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். “பெட்டி சரியாக ஓடினால் ஆமை தானாக வளரும். பெட்டி சரியில்லை என்றால் நீ என்ன கொஞ்சினாலும் வளராது” என்றார் அங்கிள்.

இதற்குக் காரணம் உண்டு. காட்டில் இந்தக் குஞ்சுகள் கண்ணில் படுவதே அபூர்வம். சருகுக்கு அடியிலும் வேருக்கு இடையிலும் விழுந்த மரத்துக்குக் கீழேயும் பதுங்கியே வளர்கின்றன. தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள் அடங்கிய காற்றுதான் அவற்றின் உலகம். மேலே வெயில் கொளுத்தினாலும் அங்கே ஈரம் வற்றுவதில்லை. ஃப்ளோரிடாவும் வெளியே வியர்த்துக் கொட்டுகிற ஊர்தான். ஆனால் எங்கள் வீடுகளில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. ஏசி என்பது காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே விடுகிற இயந்திரம். உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். குஞ்சுக்கு வேண்டியது 80. நமக்குச் சுகமான அறை அதற்குப் பாலைவனம்.

ஈரப்பதத்தை அளக்கும் கருவியையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். முள் காட்டும் வட்டக் கருவிகளை அங்கிள் தொடவே மாட்டார், டிஜிட்டல் மட்டும்தான். அதையும் நம்பமாட்டார். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, உப்பு கரைந்துவிடாமல் ஈரக் களியாக்கிக்கொள்வார். அந்த மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் உறையில் வைத்துக் காற்றுப் போகாமல் மூடிவிடுவார். ஓர் இரவு இருக்க வேண்டும். உப்புக் களிக்கு மேலே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அது உப்பின் குணம், மாறாது. காலையில் கருவி 75 காட்டினால் சரி. 70 காட்டினால், அந்தக் கருவியின் முதுகில் மார்க்கரால் ‘+5’ என்று எழுதி வைப்பார். அவர் வீட்டில் எல்லாக் கருவிகளின் முதுகிலும் இப்படி ஓர் எண் இருக்கும். என் கருவிக்கும் ஓர் எண் விழுந்தது.

பிறகு மண். பெட்டியின் அடியில் நாலு அங்குலத்துக்குத் தென்னைநார்த் தூள். செங்கல்லாக அழுத்தி வரும் இந்தக் கட்டிகள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகம் முழுக்கக் கப்பலேறுகின்றன. கட்டியை வாளித் தண்ணீரில் போட்டால் உப்பி உதிரும். அதோடு மரப்பட்டைத் துண்டுகளைக் கலக்க வேண்டும். எவ்வளவு ஈரம் என்று கேட்டேன். அங்கிள் கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் காட்டினார். அவரால் சொல்லத் தெரியவில்லை, எனக்கு உடனே விளங்கிவிட்டது: புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது.

மண்ணுக்கு மேலே தண்ணீர் தெளிக்கிற வேலை இங்கே இல்லை. தெளித்தால் மேல்பரப்பு நனையும், அடி காயும். நனைந்த பரப்பில் நாள் முழுக்க வயிற்றை வைத்துக் கிடந்தால் அடிப்பக்க ஓடு அழுகத் தொடங்கும். செங்கால் ஆமைக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். அதனால் தண்ணீரை நான்கு மூலைகளில் மட்டும் மெதுவாக ஊற்ற வேண்டும். அது அடியில் பரவி, அங்கிருந்து ஆவியாக மேலே வரும். மேல்பரப்பு தொட்டால் லேசான குளுமை மட்டும் தெரிய வேண்டும். அதன்மேல் ஓக் மரத்துச் சருகை ஒரு படுகையாகப் பரப்பிவிடுவார் அங்கிள். மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து அவரே பொறுக்கி வந்தது.

ஈரத்தைப் பிடித்துவிட்டால் போதாது, சூடும் கூடவே இருக்க வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும். எந்த மூலையிலும் 27 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், 30-ஐத் தாண்டாமல் வைக்க வேண்டும். இரவிலும் பெரிதாக இறங்கக் கூடாது. பளீரென்று ஒரே இடத்தில் அடிக்கும் வெப்ப விளக்கு இதற்கு ஒத்துவராது. அது ஓட்டை மேலிருந்து உலர்த்திவிடும். வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரைப் பெட்டிக்குள் மேலே பொருத்தி, தெர்மோஸ்டாட்டோடு இணைத்துவிட்டால் ஆயிற்று. தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றி மாட்டுகிறவரை அங்கிள் உள்ளே விடமாட்டார்.

வெளிச்சத்துக்குப் புற ஊதா ‘பி’ கதிர் தரும் நீளக் குழல்விளக்கு. இந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஆமையின் ஓடும் எலும்புதான், விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து சேர்ந்து ஆனது. ஜன்னலோர வெயிலில் வைத்தால் போதாதா என்று எல்லோரையும் போல நானும் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் மறித்துவிடும். குழல்விளக்கிலும் ஒரு சூது உண்டு. கண்ணுக்கு வெளிச்சம் குறையாது, ஆனால் மாதங்கள் போகப்போகக் கதிர் குறைந்துகொண்டே வரும். அதனால் விளக்கு மாட்டிய தேதியைக் குழலின் நுனியில் எழுதிவைத்து, ஆண்டுக்கொரு முறை மாற்றிவிட வேண்டும்.

நோட்டில் எண்கள் ஒரே சீராக வர ஆரம்பித்த பிறகுதான் குஞ்சு கைக்கு வந்தது. செங்கால் ஆமை முட்டை பொரிய நான்கு, ஐந்து மாதம் ஆகும். குஞ்சு மூக்கு நுனியில் இருக்கும் சிறு முள்ளால் ஓட்டைக் கீறும். கீறிய பிறகும் உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பை உள்ளே இழுக்கப்படும்வரை முட்டைக்குள்ளேயே கிடக்கும். அதை அவசரப்பட்டு யாரும் உரித்துவிடக் கூடாது. ஆணா பெண்ணா என்றும் கேட்கக் கூடாது; பாலினத்தைத் தீர்மானிப்பது முட்டை இருந்த சூடுதான். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதற்குச் சில ஆண்டுகள் போக வேண்டும். அப்போது ஆணுக்கு வால் நீண்டு, அடிப்பக்க ஓடு குழிந்திருக்கும். எங்கள் குஞ்சுக்கு மகள் ‘மாதுளை’ என்று பெயர் வைத்தாள். ஆணாக இருந்தாலும் அதே பெயர்தானாம்.

மாதுளையைப் பெட்டிக்குள் விட்டதும் அது சருகுக்குள் புகுந்தது, அவ்வளவுதான். தேடாதே என்றார் அங்கிள். குஞ்சு ஒளிந்திருந்தால் அது நன்றாக இருக்கிறது என்று பொருள். நாளெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

காலையில் முதல் வேலை நீராட்டு. தனியாக வைத்திருக்கும் ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், ஓட்டின் அடி விளிம்பு நனையும் அளவுக்கு. அதற்குள் குஞ்சைப் பதினைந்து, இருபது நிமிடம் விட வேண்டும். தலையைத் தாழ்த்தி நன்றாகக் குடிக்கும். கழிவையும் அங்கேயே விடும். தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். ஆமையின் சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வரும். அது குழைவாக இருந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. விரலில் தேய்த்தால் நறநறவென்று மணலாக இருந்தால் உடம்பு வறண்டிருக்கிறது. பெட்டியிலோ பழக்கத்திலோ ஏதோ பிசகு. மாத்திரை மருந்தைவிட இந்த ஒரு சோதனை பல குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பார் அங்கிள். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மகள் அதை முத்தமிடக் கூடாது. இதெல்லாம் அந்த 1975 விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்துக்காக.

அடுத்தது சாப்பாடு. பாலைநில ஆமைகள் புல் தின்னும். இது காட்டோரத்துப் பிராணி, எல்லாம் தின்னும். பிரேசிலின் மராகா தீவில் இந்த ஆமைகளைப் பின்தொடர்ந்தவர்கள் பழம், பூ, இலை, காளான், செத்த பிராணியின் இறைச்சி என்று எல்லாவற்றையும் தின்னக் கண்டிருக்கிறார்கள். எங்கள் தட்டில் பெரும்பங்கு இலைதான். தோட்டத்துக் களைகள், முசுக்கொட்டை இலை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளித் தண்டு. இங்கே முருங்கையும் வளர்கிறது, அதன் கொழுந்தும் போகும். கொஞ்சம் பழம்: பப்பாளி, மாம்பழம், அத்தி. அவ்வப்போது ஒரு காளான் துண்டு. வாரத்துக்கு ஒரு தடவை மண்புழுவோ, வேகவைத்த முட்டையில் ஒரு கிள்ளோ. பசலை மாதிரி ஆக்சலேட் மிகுந்த கீரைகளை அதிகம் வைக்கக் கூடாது; அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரொட்டி, பால், சோறு கிடையாது. வாரத்தில் சில நாள் தட்டின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். பொதுவாகச் சாப்பாட்டில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு.

புதிதாக வந்த குஞ்சு பச்சை இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு அங்கிள் ஒரு வழி வைத்திருக்கிறார். இலையைப் பொடியாக அரிந்து ஓர் ஓட்டுச் சில்லின்மேல் பரப்பி, நட்ட நடுவில் சிவப்புச் செம்பருத்தி இதழ் ஒன்றைக் கிள்ளி வைப்பார். செங்கால் ஆமைக்குச் சிவப்பும் மஞ்சளும் கண்ணை இழுக்கும். மாதுளை சருகுக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது, நின்றது, கழுத்தை நீட்டி இதழை ஒரு பக்கமாகக் கவ்வியது. இதழோடு இரண்டு இலைத் துணுக்கும் சேர்ந்து வாய்க்குள் போயின. அடுத்த கவ்வலில் இதழ் இல்லை, வெறும் இலை. சில நாளில் இதழ் வைக்காமலே தின்ன ஆரம்பித்துவிட்டது. ஓட்டுச் சில்லிலும் காரணம் இருக்கிறது: மண்ணைத் தின்னாது, சொரசொரப்பில் அலகும் தேயும்.

வாரம் ஒரு முறை எடை போட வேண்டும். சமையலறையில் கிராம் காட்டும் தராசு போதும். கண்ணால் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதை அங்கிள் ஏற்கமாட்டார். எடை மெதுவாக ஏற வேண்டும். ஒரு வாரம் நின்றால் பரவாயில்லை. தொடர்ந்து இறங்கினால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், வீங்கிய கண் இவற்றுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்களில் பலருக்கு ஆமையின் உடம்பு புதிது. ஆமை வாங்கும் முன்பே சரியான மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ஓட்டைப் படிக்கக் கற்றதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். முதுகோட்டில் பெரிய தகடுகள் 13. வளர்ந்த செங்கால் ஆமையைப் பார்த்தால் கறுத்த தகடு ஒவ்வொன்றின் நடுவிலும் மங்கிய மஞ்சளில் ஒரு திட்டு இருக்கும். அந்தத் திட்டுதான் குஞ்சாக இருந்தபோது முழுத் தகடு. அதைச் சுற்றிச் சுற்றி வெளிவிளிம்பில் புதிது சேர்ந்துகொண்டே போகிறது. குஞ்சை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், தகடும் தகடும் சேரும் கோட்டில் நூல் பருமனுக்கு வெளிறிய வரி தெரியும். அதுதான் புது வளர்ச்சி. அந்த வரி இருந்தால் குஞ்சு வளர்கிறது.

அங்கிளிடம் இன்னோர் ஆமையும் இருந்தது. யாரோ வாங்கி, வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்டது. மேல்பக்கம் திறந்த கண்ணாடித் தொட்டியில், சூடான விளக்கின் கீழே, ஏசி அறையில் வளர்ந்திருக்கிறது. அதன் ஓட்டை என் கட்டைவிரலால் தடவச் சொன்னார். தகடு ஒவ்வொன்றும் கூம்பாக எழும்பி, இடையில் பள்ளம் விழுந்து, விரல் ஏறி இறங்கியது. விளிம்பில் சேர்கிற புது நகப்பொருள் ஈரமாக இருந்தால் படிந்து விரியும். உலர்ந்துபோனால் விறைத்து, தகடு கூம்பாகிவிடும். வெகுகாலம் இதற்குப் புரதச் சாப்பாடுதான் காரணம் என்று சொல்லிவந்தார்கள். 2003-இல் ஆஸ்திரியாவில் வீஸ்னர், ஈபன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கக் குதிமுள் ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு கூம்புவதற்குப் பெரிய காரணம் வறண்ட காற்று என்றும், புரதத்தின் பங்கு சிறியது என்றும் தெரிந்தது. எழும்பிய கூம்பு திரும்ப அடங்காது. ஆனால் அங்கிளின் பெட்டிக்கு வந்த பிறகு அந்த ஆமையின் விளிம்பில் சேர்ந்த புது வளையம் மட்டும் சமமாக இருந்தது. எந்த மாதம் காற்று மாறியது என்பதை விரலே சொன்னது.

செய்யக் கூடாதவற்றின் பட்டியலும் உண்டு. காலுக்கடியில் தரை இல்லாமல் தூக்குவது ஆமைக்குப் பிடிக்காது. நீராட்டுக்கும் எடைக்கும் மட்டும் எடுக்க வேண்டும், தரையை ஒட்டித் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். வீட்டுத் தரையில் நடக்கவிடுவது விளையாட்டல்ல. வழுக்கும், குளிரும், கண்டதையும் விழுங்கும். துணை வேண்டும் என்று இரண்டு வாங்கக் கூடாது. இரண்டில் ஒன்று மற்றதன்மேல் ஏறிப் படுக்கும், தட்டை மறிக்கும். சண்டையாகத் தெரியாது. எடை நோட்டில் மட்டும் ஒன்று ஏறும், ஒன்று நிற்கும். மகள் இதற்குக் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தானே எடை எழுத ஆரம்பித்ததும் சரியாகிவிட்டாள்.

குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் காலையில் சிறிது நேரம் வெளியே, நிழலும் வெயிலும் கலந்த இடத்தில், மேலே கம்பிவலை போட்ட கூண்டில் விடலாம். காக்கையும் ரக்கூனும் ஒரு பக்கம், ஃப்ளோரிடாவின் நெருப்பெறும்பு இன்னொரு பக்கம். அது மொய்த்தால் குஞ்சு பிழைக்காது. கூண்டு வைப்பதற்கு முன் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு அங்கிள் காபி குடிக்கப் போவார். திரும்பி வரும்போது சிப்ஸில் எறும்பு இருந்தால் அன்றைக்கு வேறு இடம். எங்கள் பக்கத்து மண்ணுக்கே உரிய கோஃபர் ஆமை என்று ஒன்று உண்டு. மாநிலச் சட்டம் பாதுகாக்கும் இனம். அதை யாரும் எடுத்து வளர்க்கக் கூடாது. நம் ஆமையையும் வளர்க்க முடியவில்லை என்று அங்கே காட்டில் கொண்டுபோய் விடக் கூடாது. கைவிட நேர்ந்தவர்களிடமிருந்து வெளிநாட்டுப் பிராணிகளைப் பெற்றுக்கொள்ள ஃப்ளோரிடா வனவிலங்கு ஆணையமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் தினப்படி வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம்தான். நீராட்டு, தட்டு, மூலைத் தண்ணீர், நோட்டு. ஆனால் அந்த அரை மணி நேரம் விடுமுறை அறியாது. ஊருக்குப் போவதென்றால் அங்கிள் வீட்டில் பெட்டியோடு விட்டுவிட்டுத்தான் போகிறோம். குஞ்சு நம்மைத் தெரிந்துகொண்டு ஓடி வருமா என்று கேட்கிறவர்கள் நாய் வாங்கிக்கொள்ளலாம். மாதுளை வருவது தட்டைத் தேடி. நாம் அதைப் பார்க்கிறோம், அது நம்மைச் சகித்துக்கொள்கிறது.

குஞ்சை என்னிடம் கொடுப்பதற்கு முன் அங்கிள் கேட்ட ஒரே கேள்வி, “உனக்குப் பிறகு யார்?” செங்கால் ஆமை ஐம்பது ஆண்டு இருக்கக்கூடிய பிராணி. அவருடைய உயிலில் எந்த ஆமை யாருக்கு என்று தனிப் பக்கமே இருக்கிறது. நாற்பது வயதில் வாங்குகிறவர் தன் ஆயுளையும் தாண்டி ஒரு பொறுப்பை வாங்குகிறார். நான் மகளைக் காட்டினேன். “அவளைக் கேட்டாயா?” என்றார். கேட்டுவிட்டுப் போனேன்.

இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாரும் ஆமைக் குஞ்சு தேடிப் போக வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன். நம் ஊரில் ரகசியமாகக் கைமாறும் குஞ்சு பெரும்பாலும் நட்சத்திர ஆமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2019-இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் உச்ச வரிசையில் அது சேர்க்கப்பட்டது. அப்படியும் பெட்டியில் திணிக்கப்பட்ட குஞ்சுகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பிடிபடாமல் போகிறவற்றில் பலவும் வழியிலேயே சாகின்றன. அதிர்ஷ்டம் வரும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வளர்க்க அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்கள் காட்டில் பிடித்ததை விட்டு, வளர்ப்பில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால், ஒரு நல்ல ஈரப்பதமானியும் ஒரு பொட்டலம் உப்பும் வாங்குங்கள்.